புதுத்துணியும் பதினொரு தடைகளும்

போட்டோவுக்கு என்ன துணி போடுவது என்பதெல்லாம் ஒரு வரலாற்றுக் கேள்வியா என்று நண்பர்கள் கேட்கலாம். என் அக்கா மகளின் கல்யாணம் நிச்சயமாகும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைப் பையன் பவர் டேபிள் டைலர். இரண்டு பேரும் சம்பாதிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முந்தி ஜோடியாக நின்று எடுக்கிற போட்டோ, 'ப்ரீ வெட்டிங் ஷூட்' என்கிறார்கள், அது வேண்டும் என்று இரண்டு பேருமே ஆசைப்பட்டார்கள். போட்டோக்காரப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனி வீட்டுக்கே வந்துவிட்டான். செல்போனைத் தள்ளித் தள்ளிப் படம் காட்டினான். மூன்று 'செட்' துணி வேண்டுமாம். ஒன்று பட்டு. ஒன்று, இரண்டு பேரும் ஒரே கலரில் டீசர்ட்டும் ஜீன்ஸும். மூன்றாவது 'வில்லேஜ் தீம்'.

அந்த மூன்றாவது படத்தைப் பார்த்தேன். பெண் ரவிக்கை இல்லாமல் கண்டாங்கிச் சேலையை முட்டிக்குக் கொஞ்சம் கீழே கட்டியிருக்கிறாள். இடுப்பில் மண்குடம். பையன் வெற்று உடம்பு. முட்டிக்கு மேலே ஏறிய வேட்டி, தலையில் துண்டு, காலில் செருப்பு இல்லை. பின்னால் ஒரு பழைய கிணறு.

"நேச்சுரலா இருக்கும்ங்ணா. இப்ப எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க" என்றான்.

எங்கம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தது. வயது எண்பதுக்கு மேல். செல்போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது.

"இதென்ன கண்ணு, என்னய மாதிரியே இருக்குது?"

எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னது: "நாங்க இப்பிடி நின்னது போட்டோவுக்கு இல்ல கண்ணு."

அன்றைக்கு ராத்திரி அம்மா பேசியதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

*

அம்மா வீட்டில் பேசுவது தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு. அருந்ததியர் வீடுகளில் அது வழக்கம். அது சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"என்ற அப்பன் காங்கயத்துப் பக்கம் ஒரு தோட்டத்துல பண்ணையத்து ஆளு. கவல ஓட்டறது, பறி தெக்கிறது, செத்த மாட்டத் தூக்கறது எல்லாம் அவருதான். செருப்புத் தெக்கிறவன் நாம, அதக் கையில தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள நடக்கறவனும் நாம. எனக்குக் கண்ணாலம் ஆயி ரண்டாம் நாளு, பண்ணாடி ஊட்டுக்குப் போயிக் கும்புட்டுட்டு வரோணும்னு கூட்டிக்கிட்டுப் போனாங்க. புதுச்சேல. அந்தம்மா வாசல்ல நின்னு பாத்துப்போட்டு, 'ஏன்டி, சேல கணுக்கால் வரைக்கும் எறங்குது?'ன்னுச்சு. நான் அங்கியே நின்னபடிக்கு ஏத்திச் சொருகிக்கிட்டேன். அதுக்கப்பறம் எறக்கிக் கட்டறதுக்கு எத்தன வருசம் ஆச்சோ."

யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியில் சேலை மேலே ஏறிவிட்டது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் கொங்குநாட்டில் ரவிக்கை போடாத கிழவிகள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள். கவுண்டர் வீட்டுப் பாட்டிகளும் அப்படித்தான் இருந்தார்கள். பின்கொசுவம் வைத்துக் கட்டுவதும் பொதுவான வழக்கம்தான். அப்படியென்றால் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள் உண்டு. போடாமல் இருப்பதற்கும் போடக்கூடாது என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அவர்கள் வீட்டுப் பெண் ஒருநாள் ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டால் அது நாகரிகம் என்று பேரெடுக்கும். அதையே நம் வீட்டுப் பெண் போட்டுக்கொண்டால் திமிர் என்பார்கள்.

*

இந்த 'திமிர்' என்ற சொல்லுக்குப் பின்னால் எழுதிவைத்த சட்டமே இருந்திருக்கிறது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஏற்ற ஜே. எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முட்டிக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. தலைமயிரைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியம் அழிக்கப்பட்டது. ஆடுமாடுகள் கொள்ளை போயின.

அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் எட்டு பதினொன்றாயிற்று. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும். சொந்த நிலத்தை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணிவரை வேலை, கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு பித்தளை கூடாது. குடத்துக்கு அடியில் வைக்கும் சும்மாடுகூட வைக்கோலில்தான் இருக்க வேண்டும், துணியில் கூடாது. கல்யாணத்தில் மேளம் கூடாது. தாலி கட்டுமுன் குதிரை ஊர்வலம் போகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வீட்டுக் கதவைக் கழற்றி அதைத்தான் பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தப் போட்டோக்காரப் பையனின் 'வில்லேஜ் தீம்' படத்தைத் திரும்பப் பாருங்கள். வெற்று உடம்பு, முட்டிக்கு மேல் வேட்டி, வெறுங்கால், ரவிக்கை இல்லாத தோள், மண்குடம். ராமநாதபுரத்துத் தடைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அலங்காரம் செய்த மாதிரி இருக்கிறது. அந்தப் பையன் ஹட்டனைப் படித்தவனல்ல. அவன்மீது எனக்குக் கோபமும் இல்லை. 'கிராமம்' என்ற அழகான படத்துக்குள் நம்முடைய தண்டனை ஓர் அலங்காரமாக ஒளிந்திருக்கிறது. நிலம் வைத்திருந்தவர்களுக்குக் கிராமம் இனிய நினைவு. அதை உடுத்திப் பார்ப்பது அவர்களுக்கு ஒருநாள் விளையாட்டு, சாயங்காலம் கழற்றிப் போட்டுவிடலாம். நம் பாட்டனால் கழற்ற முடிந்ததா?

*

துணியைக் கழற்றிப் பெருமை பெற்றவர்களும் உண்டு. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையை விட்டு அரையாடைக்கு மாறினார். ஏழைகளோடு ஒன்றாவதற்கு என்று சொன்னார். அது அவர் தேர்ந்தெடுத்தது. ஒன்பது வருடம் கழித்து அதே மதுரைக்குப் பக்கத்துச் சீமையில், இடுப்புக்கு மேல் துணி போட்டால் குடிசை எரியும் என்ற நிலை. துறப்பதற்கு முதலில் உரிமை இருக்க வேண்டும். சட்டை போடும் உரிமையே இல்லாதவனுக்குச் சட்டையைத் துறப்பதில் என்ன தியாகம் இருக்கிறது?

அம்பேத்கர் இதைப் புரிந்துகொண்டவர். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம், சேலையை மற்றப் பெண்களைப்போலக் கீழே இறக்கிக் கட்டுங்கள், தாழ்ந்த சாதி என்று அடையாளம் காட்டும் பழைய நகைகளைக் கழற்றி எறியுங்கள் என்று பேசினார். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் அங்கேயே சேலைக்கட்டை மாற்றினார்கள். அவர் கடைசிவரை கோட்டும் சூட்டும் டையுமாக நின்றதும் இதே அரசியல்தான். நம் காலனிகளில் சிலையாக நிற்கிற நீலக் கோட்டை வெறும் உடுப்பு என்று எவன் சொல்வான்?

தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காக 1820களிலிருந்து அடிபட்டார்கள். 1859இல் மன்னர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். மேலுடம்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் மூடக்கூடாது! உரிமை கொடுக்கும்போதே கோடு போட்டுத்தான் கொடுத்தார்கள். 1893இல் அய்யங்காளி வெள்ளை வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகையோடு வில்வண்டியில் பொதுச்சாலையில் போனார். 1915இல் கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில் புலையர் பெண்கள் அடிமைச் சின்னமான கல்மாலைகளை அறுத்துக் குவித்தார்கள். துணியும் நகையும் எங்கேயும் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை.

*

துணியைப் போலவே கேமராவுக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் 1868க்கும் 1875க்கும் இடையில் 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகள் வந்தன. இந்தியா முழுக்கச் சாதி சாதியாகப் படம் எடுத்து ஒட்டினார்கள். சென்னை மியூசியத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலை வைத்து மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். அந்தப் படங்களில் நிற்கிற நம் ஆட்களுக்குப் பெயர் கிடையாது. படத்துக்குக் கீழே சாதிப் பெயர்தான் இருக்கும். என்ன துணியில் நிற்கலாம் என்று யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

என்னுடைய முதல் போட்டோ, நான் திருப்பூருக்குக் கைமடி வேலைக்கு வந்த இரண்டாவது வருசம் எடுத்தது. டைலர் தைத்துத் தள்ளுகிற துணியை வாங்கி மடித்துக்கொடுக்கிற பையனுக்குக் கைமடி என்று பெயர். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். அதுதான் வருகிற எல்லோருக்கும். எனக்கு முன்னால் போனவன் போட்டுக் கழற்றினான். என் முறை வந்தபோது, 'எந்த ஊரு தம்பி? ஊருக்குள்ளயா, வளவா?' என்று கேட்டார்கள். சொன்னேன். 'கோட்டு துவைக்கோணும், அப்பறம் பாக்கலாம்' என்றார்கள். சட்டையோடு எடுத்துக்கொண்டேன். அந்தப் படம் இன்றைக்கும் இருக்கிறது. அதில் நான் சிரிக்கவில்லை. பயத்தில் சிரிக்கவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

*

ராமநாதபுரத்துத் தடைப் பட்டியலில் பனியன் என்ற சொல் இருக்கிறது என்று சொன்னேன். ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் திருப்பூரில் பின்னல் எந்திரங்கள் ஓடத் தொடங்கின. 1970களின் கடைசியில் வெளிநாட்டு வியாபாரம் ஆரம்பித்து, 1980களின் நடுவிலிருந்து வேகம் பிடித்தது. உலகத்துக்கே பனியனும் டீசர்ட்டும் தைத்துக் கொடுக்கிற ஊர் இது. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், சாயப்பட்டறை என்று எங்கே பார்த்தாலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்திலும் நம் வீட்டு அடுப்புகள் அணைந்து கிடந்தன. சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்துப் பஞ்சாலைகள் சின்னப் பெண்களை விடுதியில் அடைத்து வைத்தன. மூன்று வருசம் உழைத்தால் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்றார்கள். அப்படி உள்ளே போனவர்களிலும் நம் பெண்கள் நிறைய.

திருப்பூரின் வளர்ச்சியை ஆராய்ந்த ஷரத் சாரி 2004இல் எழுதிய புத்தகத்தில், விவசாயிகளாக இருந்த கவுண்டர்கள் எப்படித் தொழிலாளியாகி, பிறகு முதலாளியானார்கள் என்று விளக்குகிறார். அவர்களைக் கேட்டால், உழைப்பால் வந்தோம் என்று சொல்வார்கள். உழைத்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தோட்டத்தில் விடியுமுன் கவலை ஓட்டிய மாதாரியும் உழைத்தான். ஓர் உழைப்புக்குப் பின்னால் நிலம் இருந்தது, கடன் கொடுக்கச் சொந்தபந்தம் இருந்தது. இன்னோர் உழைப்புக்குப் பின்னால் பண்ணையக் கடன்தான் இருந்தது. அதனால்தான் ஒன்று கம்பெனியாயிற்று, ஒன்று கைமடியாயிற்று.

இருந்தாலும் பனியன் கம்பெனிக்காசு ஒரு காரியம் செய்தது. வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் துணி வாங்கிப் போட்டோம். எக்ஸ்போர்ட்டில் தள்ளிய டீசர்ட், ஒரு தையல் கோணலாக இருக்கும், அவ்வளவுதான். ஜீன்ஸ் பேண்ட்டும் டீசர்ட்டுமாக ஊருக்குள் பஸ் இறங்கினால் யார் பிள்ளை என்று சட்டென்று தெரியாது. அதுதான் அவர்களைத் தொந்தரவு செய்தது. 2012இல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டீசர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டு மற்றச் சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி தர்மபுரியில் நத்தம் உள்ளிட்ட மூன்று காலனிகள் எரிந்தன. 1930இல் கோட்டு, சட்டை, பனியன். 2012இல் ஜீன்ஸ், டீசர்ட், கூலிங்கிளாஸ். இடையில் எண்பத்திரண்டு வருசம்.

*

இப்போது சொல்லப்போவது எங்கள் மாவட்டத்தில் நடந்தது.

2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. உடுமலைப்பேட்டை. குமரலிங்கத்தைச் சேர்ந்த சங்கரும் கௌசல்யாவும் கடைக்கு வந்தார்கள். கல்யாணமாகி எட்டு மாதம். சங்கர் பொறியியல் மாணவர், தலித். கௌசல்யா வேறு சாதி. கல்லூரி விழாவுக்குப் போட்டுக்கொள்ள சங்கருக்குப் புதுத்துணி எடுக்கத்தான் வந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து எடுத்தார்கள். ஊர் திரும்பப் பஸ் நிலையத்துக்கு நடந்து வந்தபோது, பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க வெட்டினார்கள். சங்கர் செத்தார். கௌசல்யா தலையில் வெட்டுப்பட்டுப் பிழைத்தார். அங்கிருந்த கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்தது. நாடே பார்த்தது. ஒரு தலித் பையனும் அவன் மனைவியும் புதுத்துணி வாங்கிக்கொண்டு ஜோடியாக நடந்துவருகிற படம் எல்லோருக்கும் கிடைத்தது இப்படித்தான்.

2017 டிசம்பர் 12ஆம் தேதி திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத்தண்டனை விதித்தது. அதில் கௌசல்யாவின் அப்பாவும் ஒருவர். 2020 ஜூன் 22ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது.

இதில் இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தலித் ஒருவர் பொது இடத்தில் செருப்போ புதுத்துணியோ அணிவதைத் தடுப்பதும், கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பதும், அந்த ஊர்வலத்தில் குதிரையிலோ வண்டியிலோ ஏறுவதைத் தடுப்பதும் குற்றம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. செருப்பு, புதுத்துணி, கல்யாணம், குதிரை. ராமநாதபுரத்துப் பட்டியலின் சொற்களே எண்பத்தைந்து வருசம் கழித்துச் சட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. சட்டம் வந்து ஒன்றரை மாதத்தில் உடுமலையில் அந்தப் புதுச்சட்டை.

புதுத்துணியைச் சட்டம் போட்டுக் காப்பாற்ற வேண்டிய நாட்டில், 'என்ன துணி போடுவது' என்பது அற்பக் கேள்வி ஆகுமா?

*

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன்.

பல்லடம் பக்கம் ஒரு தென்னந்தோப்பை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குப் பேசியிருந்தான் போட்டோக்காரப் பையன். தோப்புக்காரர் பெண் மாப்பிள்ளை எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தார். மறுநாள், 'தண்ணி பாயுது, சேறா இருக்குது, வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். பையன் என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டான். "வேற எடம் பாக்கலாங்ணா" என்றான்.

வில்லேஜ் தீம் வேண்டாம் என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு யாரும் அதை எடுத்துப் பேசவில்லை. நான் மட்டும் என் படிப்பையெல்லாம் எடுத்துவிட்டேன். "ஜீன்ஸும் டீசர்ட்டும் கட்டாயம் போடோணும் கண்ணு. பனியன் போடக்கூடாதுன்னு சொன்ன ஊரு. நீயே செக்கிங் பண்ணின டீசர்ட்டப் போட்டு நின்னா அது ஒரு பதில்" என்றேன்.

அக்கா மகள் என்னைப் பார்த்தாள். "மாமா, நாளெல்லாம் அதத்தான் பிசிறு வெட்டி மடிச்சு அடுக்கறேன். ஒன்றர ஷிப்ட் பாத்துட்டு வந்து போட்டோவுலயும் அதேயா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. நான் அவளுக்கு ஒரு துணியை விதித்துக்கொண்டிருந்தேன். நோக்கம் நல்லதுதான், ஆனாலும் விதிப்பது விதிப்பதுதானே? இயக்கத் தோழர்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன். நம் பெண்கள் எதை உடுத்த வேண்டும் என்று மிராசுதார் பட்டியல் போட்டான். அதற்கு எதிர்ப்பட்டியல் ஒன்றை நாம் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடக்கூடாது.

அவளே எடுத்தாள். அவளுக்குக் கணுக்கால் மறைகிற மாதிரி மாம்பழக் கலர் பட்டு, தலை நிறையப் பூ. அவனுக்குப் பட்டுவேட்டி. அடுத்த செட்டுக்கு மாப்பிள்ளை நீலக் கோட்டு கேட்டான். வாடகைக் கோட்டு வேண்டாம் என்று அளவெடுத்துத் தைக்கக் கொடுத்தோம். டைலருக்கு டைலர் தைத்த கோட்டு. இடம், எங்கள் காலனித் தெரு. போட்டோக்காரப் பையன் முகம் சுளிக்கவில்லை, காலையில் ஆறரை மணிக்கே வந்து வெளிச்சம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் அம்மாவையும் பக்கத்தில் நிறுத்தினோம். அம்மா புதுரவிக்கை போட்டுச் சேலையை நன்றாக இறக்கிக் கட்டியிருந்தது. பையன் கிட்ட வந்து மார்பளவுக்கு எடுக்கப் பார்த்தான். அம்மா கையை ஆட்டி அவனைப் பின்னால் போகச் சொன்னது.

"செருப்புத் தெரியிற மாதிரி எடு கண்ணு."

இந்தக் கட்டுரையைப் படிக்கிற மாணவர்களிடமும் எழுத்தாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய படம் ஏதாவது இருந்தால் எடுங்கள். அதில் யார் யார் நிற்கிறார்கள், என்ன துணி போட்டிருக்கிறார்கள், அது யாருடைய துணி, எங்கே வாங்கியது, அதைப் போட்டபோது ஊர் என்ன சொன்னது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்பக்கம் எழுதிவையுங்கள். சாதிப் பெயரை மட்டும் எழுதி நம்மைப் படம் பிடித்தவர்களின் புத்தகங்கள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நம்முடைய படங்களில் நாம் பெயரை எழுதுவோம்.